தேவன் ஆணா? பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

ஞாயிறுபள்ளி டீச்சர்:
ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "பிதா, குமாரன் என்கிறோமே, அப்போ தேவன் ஆணா?" ஆதியாகமம் 1:27-இல் ஆண், பெண் இருவருமே தேவசாயல் என்று இருக்கிறது. எபிரெயத்தில் ஆவி பெண்பால், அதனால் ஆவியானவர் பெண் என்று ஒரு வீடியோவும் சுற்றுகிறது. வசனத்தோடு விளக்குங்களேன்.

வேதவாசகன்:
இல்லை சிஸ்டர், தேவன் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. "தேவன் ஆவியாயிருக்கிறார்" (யோவான் 4:24). சரீரம் இல்லாதவருக்குப் பாலினம் ஏது? ஓரேப் மலையில் நீங்கள் ஒரு ரூபத்தையும் காணவில்லை, ஆகவே ஆண் உருவோ பெண் உருவோ செய்யாதீர்கள் என்று உபாகமம் 4:15, 16 வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் (எண் 370) இதையேதான் சொல்கிறது.

வகுப்பில் ஏசாயா 42:13, 14 இரண்டையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். முதல் வசனத்தில் கர்த்தர் யுத்தவீரனைப்போல் புறப்படுகிறார், அடுத்ததிலேயே பிள்ளை பெறுகிறவளைப்போலச் சத்தமிடுகிறார். இரண்டிலும் 'போல' இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். 13-ஐ மட்டும் படித்தால்தான் தேவன் ஆண் என்ற எண்ணம் வரும்.

மூலமொழி மாணவர்:
அந்த வீடியோ இலக்கணப் பாலையும் உடல் பாலையும் போட்டுக் குழப்புகிறது. ஆவி என்பதற்கு எபிரெயச் சொல் ரூவாஹ், பெரும்பாலும் பெண்பால். கிரேக்கத்தில் நியூமா, அது அஃறிணைபோல இரண்டும் இல்லாத பால். லத்தீனில் ஸ்பிரிட்டுஸ், ஆண்பால். மொழிக்கு மொழி ஆவியானவரா மாறுகிறார்? நம் தமிழிலேயே "குழந்தை அழுதது" என்கிறோம், அதனால் குழந்தை ஆள் இல்லை என்று ஆகிவிடுமா? இந்த உதாரணம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

எதிர்த்தரப்பிலும் ஒரு தவறு உண்டு. யோவான் 16:13-இல் 'அவர்' என்பதற்குக் கிரேக்கத்தில் ஆண்பால் சுட்டு வருவதால் ஆவியானவர் ஆண் என்பார்கள். அந்தச் சுட்டு 7-ஆம் வசனத்தில் வரும் 'பாராக்கிலேட்டோஸ்' (தேற்றரவாளன்) என்ற ஆண்பால் சொல்லோடு இசைந்து வருகிறது, அவ்வளவே. சிரியாக் மொழி பேசிய ஆதிச் சபையில் ஆவியைப் பெண்பாலிலேயே எழுதினார்கள், ஏனென்றால் அந்த மொழியில் ரூஹா பெண்பால். 4-ஆம் நூற்றாண்டிலேயே நசியான்சு கிரகோரியார் என்ற ஆயர், சொல்லின் பாலை வைத்துத் தேவனுக்குப் பாலினம் கற்பிப்பவர்களைக் கண்டித்திருக்கிறார்.

தமிழில் நமக்கு ஒரு வசதி. 1871-இல் வந்த பழைய மொழிபெயர்ப்பில் 'தேவன்' என்று 'ன்' விகுதி இருந்தாலும் வினை 'சிருஷ்டித்தார்' என்று பலர்பாலில் முடிகிறது. 1995-இன் பொது மொழிபெயர்ப்பில் வரும் 'கடவுள்' என்ற சொல்லிலோ ஆண், பெண் விகுதியே கிடையாது. ஆங்கிலக்காரர்கள் 'ஹீ'யா 'ஷீ'யா என்று படும் பாடு 'அவர்' என்னும் நமக்கு இல்லை.

ஞாயிறுபள்ளி டீச்சர்:
குழந்தை உதாரணம் அருமை, நன்றி. அப்படியென்றால் 'பிதா' என்பதும் உவமைதானா? மாற்றிச் சொல்லலாமா? இயேசு ஆண்தானே?

வேதவாசகன்:
இயேசு மனுஷீகத்தில் ஆண்தான், எட்டாம் நாளில், யூத ஆண்பிள்ளைகளுக்குச் செய்யும் விருத்தசேதனம் பெற்றார் (லூக்கா 2:21). அது அவர் எடுத்துக்கொண்ட சரீரத்தைச் சேர்ந்தது, தேவத்துவத்தைச் சேர்ந்ததல்ல.

'பிதா' வெறும் உவமை அல்ல, அந்த 'போல' இங்கே கிடையாது. குமாரனோடு அவருக்குள்ள நித்திய உறவின் பெயர் அது, இயேசுவே கற்றுக்கொடுத்தது. ஆனால் அதற்கு உடல் அர்த்தம் ஏற்றக் கூடாது. 675-இல் ஸ்பெயினின் தொலேதோவில் கூடிய ஆயர்களின் சங்கம், குமாரன் "பிதாவின் கர்ப்பத்திலிருந்து" பிறந்தார் என்றே அறிக்கையிட்டது.

மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஞானஸ்நானமே சாட்சி. 'பிதா, குமாரன், பரிசுத்த ஆவி' என்பதை விட்டு 'படைத்தவர், மீட்டவர், பரிசுத்தமாக்குகிறவர்' என்று கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று 2008-இல் வத்திக்கான் அறிவித்தது. அப்படிப் பெற்றவர்களுக்கு முதலிலிருந்து ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். காரணம், அந்த மூன்றும் செய்கைகளின் பெயர்கள், மூன்று ஆள்களையும் பிரித்துக் காட்டாது. ஜெபத்தில் ஏசாயா 66:13-ஐப் பிடித்து "தாயைப்போலத் தேற்றும் ஆண்டவரே" என்று தாராளமாகச் சொல்லலாம்.