பிரைமரி தேர்தலுக்கு நம் ஆட்களைத் தயார்படுத்திய அனுபவம்: நீங்களும் சொல்லுங்கள்

எடிசன்வாசி:

அஸ்ஸலாமு அலைக்கும். 2025இல் நியூ ஜெர்சி கவர்னர் பதவிக்கான பிரைமரி, அதாவது ஒவ்வொரு கட்சியின் வேட்பாளரையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல், ஜூன் 10ஆம் தேதி நடந்தது. முன்கூட்டியே ஓட்டுப் போட ஜூன் 3 முதல் 8 வரை அவகாசம் இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் சரியாக நடுவில், 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. தொழுகை முடிந்து எல்லோரும் கைகொடுத்து முஸாஃபஹா செய்துகொண்டிருக்கும்போதே நாலு குடும்பங்களைப் பிடித்து வாக்குச் சாவடிக்கு அழைத்துப் போனோம்.

அதில் ஒருவர் கீழக்கரை மாமா. குடியுரிமை வாங்கி இருபது வருஷம் ஆகிறது. நவம்பர் தேர்தல் ஒன்றைக்கூட விட்டதில்லை, ஆனால் பிரைமரி பக்கமே போனதில்லை. "அது கட்சிக்காரங்க சமாச்சாரம் தம்பி, நமக்கென்ன?" என்றார். ஊரில் வேட்பாளர் பட்டியலைத் தலைமைக் கழகம் அறிவிக்கும், இங்கே அந்தப் பட்டியலை நாம்தான் முடிவு செய்கிறோம் மாமா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "அப்போ இத்தனை வருஷமா நான் அடுத்தவன் பொறுக்கி வச்சதுலேர்ந்து பொறுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

அவர் எந்தக் கட்சியிலும் பதிவு செய்தவர் இல்லை. நியூ ஜெர்சியில் அப்படிப்பட்டவர்கள் சாவடியிலேயே கட்சியைச் சொல்லிவிட்டு ஓட்டுப் போடலாம். அதன்பிறகு அந்தக் கட்சிக்காரர் என்று பதிவேட்டில் ஏறிவிடும். இங்கேதான் தயங்கினார், "நம்ம பேரு ஒரு லிஸ்ட்ல ஏறுமா?" என்று. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு இந்த நாட்டில் வாழ்ந்த நம் ஆட்களிடம் இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் மழுப்பவில்லை. எந்தக் கட்சி என்பது பொதுப் பதிவில் இருக்கும், யாருக்குப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது, வேண்டாம் என்றால் பின்னால் படிவம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று உள்ளதைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

உள்ளே போய் வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "சின்னமே இல்லையே, படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான்?" டெமாக்ரட் கட்சிப் பக்கம் மட்டும் கவர்னருக்கு ஆறு பெயர்கள் இருந்தன. முன்பெல்லாம் கட்சி ஆதரிக்கும் வேட்பாளர்களை ஒரே வரிசையில் அடுக்கி வைத்திருப்பார்கள், கண் தானாக அங்கேதான் போகும். 2024 மார்ச்சில் ஃபெடரல் நீதிபதி ஜாஹித் குரைஷி அந்த வருஷ டெமாக்ரட் பிரைமரியில் அது கூடாது என்று தடை போட்டார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் முஸ்லிம் அவர். மாமாவிடம் இதைச் சொன்னபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பள்ளிவாசல் நிர்வாகம் எங்களுக்குப் போட்ட ஒரே நிபந்தனை: யாருக்குப் போடு என்று வாய் திறக்கக் கூடாது. கடைசிவரை காப்பாற்றினோம்.

குயின்ஸ் லாத்தா:

வஅலைக்கும் ஸலாம். உங்கள் மாநிலத்தில் இருக்கும் சலுகை நியூயார்க்கில் கிடையாது. கட்சியில் பதிவு செய்தவருக்குத்தான் பிரைமரி ஓட்டு. ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் கட்சியை மாற்றவோ புதிதாகச் சேரவோ பிப்ரவரி 14க்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். எதிர்வீட்டுத் தங்கச்சி குடியுரிமை வாங்கிய கையோடு பதிவு செய்தாள், "நமக்கு எந்தக் கட்சியும் வேணாம்" என்று படிவத்தில் கட்சியைக் குறிக்கும் கட்டத்தில் டிக் போடாமல் விட்டுவிட்டாள். மேயர் தேர்தலில் நம் முஸ்லிம் வேட்பாளர் ஸோஹ்ரான் மம்தானி நிற்கிறார் என்று ஊரே பேசும்போது ஜூனில் என்னிடம் வந்தாள். பதிவைப் பார்த்துவிட்டு, இந்தப் பிரைமரியில் ஓட்டுப் போட முடியாது என்று நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அழுதுவிட்டாள். அந்த முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இப்போது ஜனவரி பிறந்ததும் வீடு வீடாகப் போய் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்கிறேன்.

என் மாமி கதை வேறு. காயல்பட்டினம், வயது 74, தமிழ் மட்டும்தான் வாசிப்பார். குயின்ஸில் பங்களா மொழியில்கூட வாக்குச்சீட்டு உண்டு, தமிழில் இல்லை. ஆனால் வாசிக்க முடியாதவர் தனக்கு வேண்டியவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். வாக்குரிமைச் சட்டம் பிரிவு 208 என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவரும் தொழிற்சங்க ஆளும் மட்டும் துணையாக வரக் கூடாது.

மேயர் பிரைமரியில் ஐந்து பேர்வரை பிடித்த வரிசையில் வரிசைப்படுத்தலாம். இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஒரு தாளில் கட்டம் போட்டு வேட்பாளர்களுக்குப் பதில் மீன் பெயர்களை எழுதினேன்: வஞ்சிரம், விளைமீன், நெத்திலி, இறால், நண்டு. மாமி ஐந்து வரிசையிலும் வஞ்சிரத்தையே நிரப்பினார். "எனக்கு வஞ்சிரம்தான் வேணும்!" அப்படிப் போட்டால் ஒரு தடவைதான் எண்ணுவார்கள் மாமி, வஞ்சிரம் தீர்ந்துபோனால் வெறுங்கூடையோடு திரும்புவீர்கள் என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

பிரைமரி நாளான ஜூன் 24 அன்று வெயில் 100 டிகிரியைத் தொட்டது. சாவடியில் பட்டியலில் பெயரே இல்லை என்றார்கள். நம் பெயர்களில் வாப்பா (தந்தை) பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்ற குழப்பம் தெரிந்ததுதானே, திருப்பித் தேடச் சொன்னேன், கிடைத்தது. துணைக்கு நான் வரக்கூடாது என்று ஒருவர் மறித்தார். 208 என்றதும் பொறுப்பாளரைக் கேட்டு வந்து வழிவிட்டார். மாமி ஒவ்வொரு வட்டத்தையும் மருதாணி வைப்பதுபோல் நிதானமாக நிரப்பினார். வெளியே வந்ததும் விரலை நீட்டி, "மை வைக்கலையே?" என்றார்.

டியர்பார்ன் காக்கா:

மிச்சிகனில் கட்சிப் பதிவே கிடையாது, அதனால் எங்களுக்கு வேறு தொல்லை. ஆகஸ்ட் பிரைமரியில் இரண்டு கட்சிப் பட்டியலும் ஒரே சீட்டில் வரும். நல்லவர் யாரோ அவருக்கு என்று இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போட்டால் கட்சிப் பகுதி முழுதும் செல்லாது. சாவடியில் போட்டால் இயந்திரம் எச்சரிக்கும். தபாலில் அனுப்புகிறவருக்கு எச்சரிக்க ஆளில்லை. எங்கள் பக்கம் பெரியவர்கள் பலரும் தபால்தான்.

இன்னொன்று. ஜும்ஆ முடிந்து வாக்காளர் பதிவுக்கு மேசை போட்டிருந்தபோது ஒரு பையன் ஆர்வமாகப் பேனாவை எடுத்தான். "சிட்டிசனா?" என்றேன். "கிரீன் கார்டு காக்கா, வரி கட்டுறேனே?" என்றான். பேனாவை வாங்கி வைத்துவிட்டேன். தெரியாமல் பதிவு செய்தாலும் குடியுரிமை விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி வரும், நாட்டை விட்டே அனுப்பும் நிலைகூட வரலாம். உதவ உட்காருகிறவர்கள் படிவம் நீட்டுமுன் இதைக் கேளுங்கள்.

எடிசன்வாசி:

ஜஸாக்கல்லாஹ் காக்கா, அந்தக் கேள்வியை இனி முதல் கேள்வியாக வைக்கிறேன். லாத்தா, உங்கள் பிப்ரவரி 14ஐ எங்கள் பள்ளியில் செருப்புத் தட்டுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டப்போகிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் சொந்தக்காரர் இல்லாதவர் இங்கே யார் இருக்கிறார்கள்? அந்த மீன் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள்.