முதலாம் வருட மலையக மாணவரின் மன அழுத்தத்தை அளப்பது எப்படி?

கொத்மலை: பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் உளவியல் இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். தோட்டப்பகுதியிலிருந்து வந்த முதலாம் வருடத்தாருக்கும் மற்றத் தமிழ் மாணவருக்கும் மன அழுத்தத்தில் வேறுபாடு உண்டா என்பதே கேள்வி. பி.எஸ்.எஸ்-10 (ஒருவர் உணரும் மன அழுத்தத்தை அளக்கும் பத்துக் கேள்விகள்) என்ற ஆங்கில வினாக்கொத்தை நானே தமிழாக்கலாமா? எத்தனை பேர் வேண்டும்? பகிடிவதை (ராகிங்) பற்றியும் இரண்டு கேள்வி சேர்க்க விருப்பம்.

ஊவா_அக்கா: தனியே தமிழாக்க வேண்டாம் தம்பி. முதலில் ஏற்கெனவே பரிசோதித்த தமிழ் வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் இருவர் தனித்தனியே தமிழாக்கட்டும். ஒருவருக்கு உளவியல் தெரியாதிருப்பது நல்லது. இரண்டையும் ஒன்றாக்கியபின், மூலத்தைப் பார்க்காத ஒருவர் மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்ற, வேறுபடும் இடங்களைத் திருத்துங்கள். 5ஆம், 8ஆம் கேள்விகளைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் பொருள் வராது. நினைத்தபடி காரியங்கள் நடந்தனவா, எல்லாம் கைக்குள் இருந்ததா என்ற கருத்து வந்தால் போதும். பிறகு முன்னோட்டமாக 30 பேரிடமாவது கொடுங்கள். அவர்களில் ஐந்தாறு பேரை ஒவ்வொரு கேள்வியையும் தம் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொன்னால் பிழைகள் வெளிவரும்.

புள்ளியிடும்போது 4, 5, 7, 8 ஆகிய நான்கும் தலைகீழ்: 0 என்பது 4 ஆகும், 1 என்பது 3 ஆகும். இதை விட்டுவிட்டுக் குரொன்பாக் அல்பா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) கணித்தால் பெறுமானம் விழும். அளவுகோலில் குறை என்று நினைத்துக் கேள்விகளை வெட்டிவிடாதீர்கள். மொத்தம் 0 முதல் 40 வரை. இதற்கு நோய் நிர்ணய எல்லை கிடையாது. ஆகவே "இத்தனை வீதத்தினர் பாதிக்கப்பட்டுள்ளனர்" என்று எழுதவே கூடாது.

கேள்விகள் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. பாதிப்பேரிடம் பரீட்சைக்கு முன்னும் மீதிப்பேரிடம் பின்னும் வாங்கினால், நீங்கள் அளப்பது பரீட்சையைத்தான்.

புள்ளிவிபரம்: இரண்டு குழுக்களின் சராசரியை டி-சோதனையால் ஒப்பிட, நடுத்தர அளவு வேறுபாடு (விளைவு 0.5), உண்மையில் வேறுபாடு இருந்தால் அதைக் கண்டுபிடிக்க 80 வீத வாய்ப்பு (வலு), இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்ல 5 வீத வாய்ப்பு (பொருண்மை மட்டம்), எந்தக் குழு கூடினாலும் கண்டுகொள்ளும் இருவால் சோதனை என்றால் குழுவுக்கு 64 பேர். அரைகுறைப் படிவங்களுக்காக 72 வரை எடுங்கள். வட்ஸ்அப் குழுவில் இணைப்பை மட்டும் போட்டால் நண்பர் வட்டமே நிரப்பும். பீடங்கள், விடுதிகள் வாரியாகப் பட்டியலிட்டு எடுப்பதே சரி. ஒரு குழு முழுக்க விடுதியிலும் மற்றது வீட்டிலிருந்தும் வந்தால் வேறுபாடு எதனாலென்று பிரிக்க முடியாது. மாவட்டத்தை வைத்துக் குழு பிரிக்காதீர்கள். நுவரெலியா நகரக் கடைக்காரரின் பிள்ளையும் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்த பிள்ளையும் ஒன்றல்ல.

கொத்மலை: ஒரு மாணவரின் தாய் கொழுந்து பறிக்கிறார், தந்தை கொழும்பில் கடையில் வேலை. எந்தக் குழு?

புள்ளிவிபரம்: வீடு தோட்டத்துக்குள் இருந்தால் தோட்டக்குழு என்று வைத்துக்கொள்ளலாம். எந்த விதியானாலும் தரவு சேர்க்கும் முன்பே எழுதிவையுங்கள். பெற்றோரின் தொழிலைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.

நெறிமுறை: ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கைக்கு வராமல் ஒரு படிவமும் கொடுக்கக்கூடாது, பிந்திய அனுமதி செல்லாது. பெயர், பதிவிலக்கம் கேட்காவிட்டாலும் பீடம், பாடசாலை, பால், மாவட்டம் நான்கும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடிக்கலாம். சில பீடங்களில் ஒரு பாடசாலையிலிருந்து ஒரே பிள்ளைதான் வந்திருக்கும். பாடசாலையை நீக்கிவிடுங்கள்.

பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். யார் செய்தார், எந்த விடுதி என்று கேட்கவே வேண்டாம். இறுதியாண்டு மாணவர் நேரில் நின்று படிவம் நீட்டினால் புதியவருக்கு மறுக்க வராது. அது சம்மதமே அல்ல. மூடிய பெட்டி வையுங்கள், வெற்றுப் படிவத்தையும் போடலாம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 வினாக்கொத்தைச் சேர்க்கும் எண்ணம் வந்தால் கவனம். அதன் 9ஆம் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. பெயரில்லாப் படிவத்தில் ஒருவர் அப்படி எண்ணம் வந்ததாகக் குறித்தால் உங்களால் தேடிப்போக முடியாது. உதவும் ஏற்பாடு இல்லையென்றால் அந்த அளவுகோலைத் தொடாதீர்கள். எப்படியும் கடைசித் தாளில் தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐயும், மாணவர் ஆலோசகரைச் சந்திக்கும் இடத்தையும் தமிழில் அச்சிட்டு, அந்தத் தாளை அவர்களே வைத்துக்கொள்ள விடுங்கள்.