துப்பாக்கியின் புது மேகசின் சிக்கிக்கொண்டே இருக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். கோலாலம்பூர் பக்கம் லைசென்ஸ் வைத்துச் சுடுபவர்கள் இருந்தால் ஒரு யோசனை வேண்டும்.

என் .22 ரைஃபிளுக்குப் பத்து தோட்டா பிடிக்கும் மேகசின் ஒன்றைக் கடை வழியாக ஆர்டர் செய்து, பெர்மிட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, 420 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். போன சனிக்கிழமை சுபாங் துப்பாக்கி சுடும் தளத்துக்குக் கொண்டுபோனால் நான்காவது தோட்டாவிலேயே சிக்கிவிட்டது. .22 தோட்டாவின் அடியில் விளிம்பு இருக்கும் அல்லவா, மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முன்னே நகராது, அதனால் அடுக்கியது என் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்துப் பார்த்து அடுக்கினேன், கழற்றித் துடைத்தேன், வேறு பிராண்ட் தோட்டாவும் போட்டேன். அதே கதைதான். ரைஃபிளோடு வந்த பழைய மேகசின் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. உற்றுப் பார்த்தால் புதியதன் வாய் ஒரு பக்கம் லேசாக விரிந்திருக்கிறது.

தயாரிப்பாளருக்குப் படத்தோடு மூன்று இமெயில் போட்டேன். சரியான தோட்டாதானா என்று கேட்டார்கள், அப்புறம் உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். திருப்பி அனுப்ப இது என்ன சட்டையா? 1960 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் ஆயுதக் கணக்கில்தான் வருகிறது. கடைக்காரரோ, "நீங்களே பேசிக்கோங்க அண்ணே" என்று கையை விரித்துவிட்டார்.

இப்படி யாராவது பாகத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா? பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியது நானா, கடைக்காரரா? வாயை நானே இடுக்கியால் வளைக்கலாம் என்கிறான் ஒரு நண்பன், எனக்குத் துணிச்சல் வரவில்லை.