வெள்ளவத்தைத் தொடர்மாடியில் குவான்சா: கினாரா, மெழுகுதிரி, சாப்பாடு, முறை பற்றிக் கேள்வி

கடலோர_மாடி

எங்கள் தொடர்மாடியில் இருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பம் ஒன்று இந்த டிசம்பரில் குவான்சாவை அயலவரோடு சேர்ந்து கொண்டாட விரும்புகிறது. நிர்வாகக் குழு கீழ் மண்டபத்தை 26ஆம் திகதி மாலையும் 31ஆம் திகதி மாலையும் தரச் சம்மதித்துவிட்டது. மற்ற ஐந்து நாளும் அவர்கள் வீட்டிலேயே. ஏறத்தாழ 40 பேர், அதில் 14 பிள்ளைகள். சைவக்காரர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

அவர்களுடைய கினாரா, அதாவது ஏழு திரி வைக்கும் தாங்கி, சாமான்களோடு வந்து சேரவில்லை. இங்கே செய்விக்கலாமா? கறுப்பு மெழுகுதிரி எங்கே எடுப்பது? சாப்பாட்டில் எதைக் கவனிக்க வேண்டும்? இது சமயக் கொண்டாட்டமா என்று இரண்டு மூன்று வீட்டில் கேட்டார்கள், அதற்கும் சரியான பதில் வேண்டும். இன்னொன்று: குத்துவிளக்கை ஏற்றித் தொடங்கலாமா?

கொட்டாஞ்சேனை_வாசகி

சமயக் கொண்டாட்டம் அல்ல. 1966இல் கலிபோர்னியாவில் மௌலானா கரெங்கா தொடக்கிய பண்பாட்டுக் கொண்டாட்டம். டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஏழு நாள். எந்தச் சமயத்தவரும் தங்கள் சமயத்தை விடாமல் கொண்டாடலாம், நத்தாருக்குப் பதிலானதும் அல்ல. பெயர் 'மதுண்டா யா க்வான்சா' என்ற சுவாஹிலித் தொடரிலிருந்து வந்தது, முதற்கனிகள் என்று பொருள். எங்களுடைய புதிரெடுத்தல் போன்ற ஆப்பிரிக்க அறுவடை விழாக்களே அதன் வேர். ஒரு நாளுக்கு ஒரு கொள்கை: உமோஜா (ஒற்றுமை), குஜிச்சாகுலியா (தம்மைத் தாமே தீர்மானித்தல்), உஜிமா (கூட்டாக உழைத்தல், பொறுப்பேற்றல்), உஜமா (கூட்டுப் பொருளாதாரம்), நியா (நோக்கம்), குஉம்பா (படைப்பாற்றல்), இமானி (நம்பிக்கை).

குத்துவிளக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கினாரா ஏற்றுவதே அந்த மாலையின் நடு. அதற்கு முன்னால் இன்னொரு விளக்கை ஏற்றினால் கினாரா வெறும் மேடை அலங்காரமாகிவிடும். நத்தார் மரத்தையும் அந்த மண்டபத்திலிருந்து இரண்டு மாலைக்கு அப்புறப்படுத்துங்கள். வேறு பண்டிகைகளின் சின்னங்களைக் கலப்பதைக் குவான்சா கொண்டாடுபவர்கள் பொதுவாக விரும்புவதில்லை. வாசலில் கோலம் போடலாம், அது நாங்கள் விருந்தாளியை வரவேற்கும் முறை. கினாரா வைக்கும் மேசைக்குக் கீழே போடாதீர்கள்.

26ஆம் திகதி காலை 9.25க்கு ஆழிப்பேரலை நினைவு மௌனம் இருப்பதை அந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் உறவுகளை இழந்தவர்கள் உங்கள் மாடியிலும் இருக்கக்கூடும். மண்டபத்தை அலங்கரிப்பது, மேளம் ஒத்திகை பார்ப்பது எல்லாம் பிற்பகலுக்குத் தள்ளிப் போகட்டும்.

மெழுகும்_மரமும்

கினாரா எளிது. 52 சென்டிமீற்றர் நீளம், 8 அகலம், 5 தடிப்பில் பலா அல்லது மகோகனிக் கட்டை ஒன்று போதும். பாரமான மரம் வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளின் கை பட்டதும் கவிழும். இரு முனையிலும் 5 சென்டிமீற்றர் விட்டு, 7 சென்டிமீற்றருக்கு ஒரு துளையாக ஏழு துளை, ஆழம் 2 சென்டிமீற்றர். துளைகளை 5 சென்டிமீற்றரைவிட நெருக்கினால் ஒரு திரியின் சூட்டில் பக்கத்துத் திரி வளையும். துளையின் விட்டத்தை இப்போதே தச்சரிடம் சொல்லாதீர்கள். முதலில் திரியை வாங்கி, அடியை அளந்து, அதைவிட ஒரு மில்லிமீற்றர் கூட்டிக் கொடுங்கள். ஆடினால் அடியில் அலுமினியத் தாள் சுற்றலாம், கடதாசி சுற்றவே கூடாது. மரம் கருகாமல் இருக்க, திரி மரத்துக்கு மேலே இரண்டு சென்டிமீற்றருக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். வார்னிஷ் பூசினால் ஒரு கிழமையாவது காயவிடுங்கள்.

நடுவில் கறுப்பு ஒன்று, பார்ப்பவரின் இடப்பக்கம் சிவப்பு மூன்று, வலப்பக்கம் பச்சை மூன்று. கறுப்பு மக்களையும், சிவப்பு போராட்டத்தையும், பச்சை அதிலிருந்து வரும் எதிர்காலத்தையும் குறிக்கும். நடுவில் கறுப்பைப் பார்த்துவிட்டு எங்கள் பெரியவர்கள் 'அமங்கலம்' என்று முகம் சுளிக்க இடமுண்டு. கறுப்பு அங்கே நிற்பது அந்த மக்களையே குறிக்க என்பதை முதல் நாளே ஒருவர் தமிழில் சொல்லிவிட வேண்டும். விருந்தாளிகளின் முன்னால் அந்தச் சொல் வந்தால் திருப்பி எடுக்க முடியாது.

சிவப்பும் பச்சையும் நத்தார் காலத்தில் புறக்கோட்டையில் தாராளமாகக் கிடைக்கும். கறுப்பு கிடைப்பது கடினம், வெள்ளைத் திரியைக் கறுப்பில் தோய்த்தெடுங்கள். உயரமான தகரப் பேணியில் மெழுகையும் கறுப்பு மெழுகுச் சாயத்தையும் போட்டு, பேணியைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் மெழுகு தீப்பற்றும். 70 முதல் 75 பாகை வரை சூடு இருக்கட்டும். திரியை நூலில் பிடித்து இரண்டு மூன்று செக்கன் தோய்த்து எடுத்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, இப்படி மூன்று முறை. அதிக நேரம் உள்ளே வைத்தால் அடித்திரியே உருகி மெலியும். அக்ரிலிக் பெயின்ற் பூசுவது பெரிய தவறு, அது பொரிந்து புகைக்கும்.

கறுப்பு இரண்டு செய்யுங்கள்: முதல் நாள் கறுப்பை மட்டும் ஏற்றி, பிறகு நாளுக்கு ஒரு திரி கூட்டுவார்கள். ஒவ்வொரு மாலையும் அரை மணித்தியாலம் எரித்து அணைப்பதாக வைத்தாலும், முதல் நாள் திரி மூன்றரை மணித்தியாலம் எரியும், கடைசித் திரி அரை மணித்தியாலம் மட்டுமே. மெல்லிய திரி ஏழாம் நாள்வரை தாங்காது.

மண்டபம் கடற்பக்கம் என்றால் அந்த யன்னல்களைச் சாத்தி, ஏற்றும்போது மின்விசிறியையும் நிறுத்துங்கள். காற்றில் திரி ஒரு பக்கமாக உருகி, மேசையில் விரிக்கும் பாய் முழுக்க வடியும். கினாராவுக்குக் கீழே ஒரு பித்தளைத் தட்டு, பக்கத்தில் ஒரு வாளி மணல். புகை உணரி இருக்கிறதா என்று செக்யூரிட்டியிடம் முன்னரே கேளுங்கள்.

கடலோர_மாடி

மிகவும் நன்றி, தச்சரிடம் அளவு கொடுக்கத் திரிக்காகக் காத்திருக்கிறேன். ஏற்றும் ஒழுங்கு இரண்டு விதமாகச் சொல்கிறார்களே? கறுப்புக்குப் பிறகு இடமிருந்து வலமா, சிவப்பு பச்சை என்று மாறி மாறியா?

கொட்டாஞ்சேனை_வாசகி

இரண்டும் வழக்கில் இருக்கிறது. மாறி மாறி ஏற்றினால் நாளும் கொள்கையும் பொருந்தி வரும்: குஜிச்சாகுலியா, உஜமா, குஉம்பா மூன்றும் சிவப்புக்கு, உஜிமா, நியா, இமானி மூன்றும் பச்சைக்கு. இடமிருந்து வலமாக ஏற்றுபவர்கள் மக்கள், போராட்டம், எதிர்காலம் என்ற வரிசையைக் காட்டுகிறார்கள். அந்த வீட்டுப் பெரியவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் உங்கள் ஒழுங்கு. நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். 31ஆம் திகதி மண்டபத்துக்குக் கினாரா வரும்போது ஆறு திரி எரிய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், இடையில் நான்கு நாள் வீட்டில் ஏற்றியிருப்பார்கள்.

வாழைத்தோட்டம்12

முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வழி இருக்கிறது. சுவாஹிலியில் அரபுச் சொற்கள் நிறைய. நியா என்பது நிய்யத், இமானி என்பது ஈமான், உஜமாவுக்குள் இருப்பது ஜமாஅத், குவான்சா வணக்கத்தில் வரும் ஹபாரி என்பது கபர். இவ்வளவையும் சொன்னால் ஏழில் மூன்று சொல் அன்றைக்கே மனதில் நிற்கும். வணக்கம் சொல்லும் முறையையும் பழக்குங்கள். ஒருவர் 'ஹபாரி கானி?' என்று கேட்பார், மற்றவர் அன்றைய கொள்கையைச் சொல்ல வேண்டும். 26ஆம் திகதி 'உமோஜா', 31ஆம் திகதி 'குஉம்பா'. முதல் நாள் சொன்னதையே 31ஆம் திகதியும் சொல்வதுதான் வழக்கமாக வரும் பிழை.

ஒற்றுமைக் கிண்ணம் பற்றி: கிகோம்பே சா உமோஜா என்ற அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் மட்டும், அல்லது பழச்சாறு. மது கலந்தால் எங்கள் பக்கம் ஒருவரும் தொடமாட்டார்கள். 40 பேரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைக்க வேண்டியதில்லை, அதிலிருந்து சிறு கடதாசிக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுக்கலாம். தம்பிகோ என்று மூதாதையரை நினைத்து நீர் வார்ப்பதை அந்த வீட்டுப் பெரியவர் செய்வார். தரை ஓட்டில் ஊற்றினால் யாராவது வழுக்கி விழுவார்கள், மண் நிரம்பிய பூச்சாடி ஒன்றை முன்னால் வையுங்கள். வந்திருப்பவர்கள் அமைதியாக நின்றால் போதும், நீர் வார்க்கவோ அதை வணக்கமாகக் கொள்ளவோ தேவையில்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்கும் வழக்கம் உள்ள வீடுகளுக்கு இதை விளக்கவே தேவையிராது.

இன்னொரு முக்கியமான விஷயம். புத்தளம் சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரை நாங்கள் 'கப்பிரி' என்று சாதாரணமாகச் சொல்கிறோம், அவர்களும் சொல்லிக்கொள்கிறார்கள். வெளியில், குறிப்பாகத் தென்னாப்பிரிக்காவில், அதே சொல் மிக மோசமான வசை. 'காப்பிலி' என்று பிள்ளைகளைச் செல்லமாக அழைக்கும் கெட்ட பழக்கமும் எங்களிடம் இருக்கிறது. 26ஆம் திகதிக்கு முன்னர் எல்லா வீட்டிலும் இதைப் பேசி நிறுத்துங்கள். தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பதையும்தான்.

பெரிய_சட்டி

சாப்பாடு 31ஆம் திகதிக்கு, கராமு என்ற விருந்து அன்றைக்குத்தான். 40 பேருக்கு நான்கு பண்டம் போதும்: கௌபி, கீரை, சோள ரொட்டி, வத்தாளங்கிழங்கு. மேலே ஒரு கோழி.

பன்றியிறைச்சிதான் முதல் கவனம். ஆப்பிரிக்க அமெரிக்கச் சமையலில் கீரையும் கௌபியும் புகையூட்டிய பன்றித் துண்டோடு வேகும். அந்தக் குடும்பமே சமைத்தாலும் இதைப் பேசிவிடுங்கள். புகை வாசத்துக்குப் புகையூட்டிய மிளகாய்த்தூள் வகை ஒன்று, சுப்பர்மார்க்கெட்டில் 'ஸ்மோக்ட் பப்ரிக்கா' என்று கேட்டால் கிடைக்கும், ஒரு கிலோ கௌபிக்கு இரண்டு தேக்கரண்டி. கோழி ஹலால் கடையில் எடுங்கள். மார்கழியில் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் இருப்பதால் கோழியைத் தனி மேசையில், தனி அகப்பையோடு வைக்க வேண்டும். ஒரே அகப்பை இரண்டு சட்டிக்கும் போனால் அரைவாசிப்பேர் வெறும் சோள ரொட்டியோடு நிற்பார்கள்.

கௌபி உலர்ந்தது 2 கிலோ. ஒரு கிலோ வெந்தபின் இரண்டரைக் கிலோ அளவில் வரும், 20 பேருக்குத் தாராளம். கறுப்புக்கண் உள்ள வெள்ளை இனத்தை எடுங்கள், சிவப்புக் கௌபி குழம்பைக் கறுப்பாக்கும். ஊறவைப்பது ஆறு மணித்தியாலம், அதற்கு மேல் போனால் கொழும்புச் சூட்டில் தண்ணீர் நுரைத்துப் புளிக்கும். இரவு முழுக்க ஊற வேண்டுமென்றால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தக்காளியை வெந்தபிறகு போடுங்கள், முதலிலேயே போட்டால் புளிப்பில் தோல் மெத்தென்று ஆகாது.

கீரைப் பண்டத்துக்கு அவர்கள் வழக்கமாகப் போடும் கொலார்ட் கீரை இங்கே சந்தையில் இல்லை. கேல் இலை, அல்லது கோவாவின் வெளிப்பக்கத்துப் பச்சை இலை பொருந்தும். நடுத்தண்டை எடுத்துவிட்டு, விரலகலம் நறுக்கி, வெங்காயம், உள்ளி, கொஞ்சம் வினாகிரியோடு முக்கால் மணித்தியாலம் மெதுவாக வேகவிடுங்கள். வறை மாதிரி ஐந்து நிமிடத்தில் இறக்கினால் அது வேறு பண்டம். தேங்காய்ப்பூவும் கறித்தூளும் போடாதீர்கள்.

சோள ரொட்டியில்தான் அதிகம் பேர் பிழைவிடுவார்கள். கடையில் 'கோர்ன் ஃப்ளவர்' என்று கேட்டால் சூப் தடிப்பாக்கும் வெள்ளை மாப்பொருள் தருவார்கள், அதில் ரொட்டி களியாகும். மஞ்சள் நிறத்தில் ரவை போல நறநறக்கும் அரைத்த சோளம் வேண்டும். இரண்டு கோப்பை சோளத்துக்கு ஒரு கோப்பை கோதுமை மா, ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு முட்டை, ஒன்றரைக் கோப்பை பால், மூன்றிலொரு கோப்பை உருக்கிய பட்டர். 200 பாகையில் 25 நிமிடம். ஒன்பது அங்குலச் சதுரத் தட்டில் 16 துண்டு வரும், ஆகவே மூன்று தட்டு. முட்டை தொடாதவர்களுக்கு ஒரு தட்டை வேறாகச் செய்யுங்கள்: முட்டைக்குப் பதில் அரைக் கோப்பை தயிர், கால் தேக்கரண்டி அப்பச்சோடா.

வத்தாளங்கிழங்கு 6 கிலோ, தோலோடு அவித்துப் பிறகு உரியுங்கள். வெட்டி அவித்தால் நீர் கோத்துவிடும். பேலியகொடை மெனிங் சந்தையில் மொத்தமாக எடுக்கலாம்.

விருந்தை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியுங்கள். அன்றிரவு கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நள்ளிரவு ஆராதனை இருக்கும், பத்து மணிக்குப் பிறகு வெடிச்சத்தத்தில் ஒருவரும் பேச முடியாது.

கடலோர_மாடி

மேசையில் வைக்கும் பழங்களும் சோளப்பொத்தியும் 26ஆம் திகதி வைத்து 31 வரை இருக்குமா? பாய் எது?

மெழுகும்_மரமும்

பச்சைச் சோளம் இந்த ஈரப்பதனில் மூன்று நான்கு நாளில் பூசணம் பிடிக்கும். நன்றாக உலர்ந்த பொத்தியாக எடுங்கள், இல்லாவிட்டால் 31க்குப் புதிது மாற்றுங்கள். வழக்கம் வீட்டுப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தி, பிள்ளைகள் இல்லாத வீட்டிலும் ஒன்றாவது வைப்பார்கள், ஊரின் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவென்பதால். மண்டபத்தில் 14 பிள்ளைக்கும் 14 வைக்கலாமா என்று அந்தக் குடும்பத்தைக் கேளுங்கள், பெரும்பாலும் மகிழ்வார்கள். பழத்தில் வாழையைக் கடைசி நாளில் வையுங்கள், தோடையும் அன்னாசியும் தாங்கும். எறும்புக்கு மேசைக்கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்துங்கள்.

பாய்க்கு யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பாய் அல்லது பன்பாய், இரண்டும் ம்கேகா என்ற குவான்சாப் பாய்க்குப் பொருந்தும். பிளாஸ்டிக் பாய் வேண்டாம். பிள்ளைகளுக்கான ஸவாடி என்ற பரிசும் அப்படித்தான்: வழக்கம் ஒரு புத்தகமும் மரபுச் சின்னம் ஒன்றும், கையால் செய்ததாக இருந்தால் நல்லது. பனையோலைப் பெட்டிக்குள் புத்தகத்தை வைத்துக் கொடுத்தால் நாலாம் நாளின் உஜமாவுக்கும் அது பொருந்தும், காசு பின்னியவர் கைக்குப் போகும்.

பாயில் மெழுகு விழுந்தால் சூடாக இருக்கும்போது துடைக்காதீர்கள், இழைக்குள் இறங்கிவிடும். இறுகியபின் கரண்டிக் காம்பால் கிளப்பி, மிச்சத்துக்குமேல் பழைய செய்தித்தாள் விரித்து இளஞ்சூட்டு இஸ்திரிக்கை வையுங்கள். ஓலை கருகாமல் பத்துச் செக்கனுக்கு ஒருதரம் தூக்கிப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை_வாசகி

முடிக்கும்போது 'ஹராம்பே' என்று ஏழு முறை சொல்வார்கள், சேர்ந்து இழுப்போம் என்று பொருள். கையை மேலே நீட்டிக் கீழே இழுப்பது போலச் செய்வார்கள், ஏழாவதை நீட்டிச் சொல்வார்கள். அதைச் சொல்லித்தர அந்த வீட்டுப் பிள்ளைகளை முன்னால் நிறுத்துங்கள். எங்கள் 14 பேரும் பின்னால் சொல்லட்டும்.