காலை எடுத்தா காப்பீடு, காலைக் காப்பாத்த கைக்காசு

பேட்டைக்காரன் (ஞாயிறு, இரவு 9.40)

போன வருஷம் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு எங்க அப்பா வடம் பிடிக்கப் போனாவ. வயசு 61, சுகர் வந்து பதினாலு வருஷம். சாமி காரியம்னா வெறுங்கால்தான், செருப்புப் பேச்சே எடுக்கக் கூடாது. நாலு ரதவீதியும் தார் கொதிச்சுக் கிடந்துச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆசுவாசமா காப்பி குடிச்சிட்டு இருந்தாவ. அம்மா தரையைப் பாத்துட்டு, "என்ன இது, நீங்க நடந்த இடமெல்லாம் ஈரமா அச்சு விழுந்திருக்கு"ன்னு கேட்ட பொறவுதான் காலைத் தூக்கிப் பாத்தோம். ரெண்டு உள்ளங்கால்லயும் கொப்புளம். வலது கால்ல ஒண்ணு உடைஞ்சு தோல் சுருண்டு போயிருக்கு. அப்பா முகத்துல வலிக்கான ஒரு சாடையும் இல்ல. "சுட்ட மாதிரியே தெரியலியே"ன்னாவ.

ஆறு வாரம் கழிச்சு வலது கால்ல ரெண்டு விரல் போச்சு. ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுபடியாச்சு, யாரும் எங்ககிட்ட கை நீட்டல. அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அதுக்கு முந்தின ஆறு வாரம்? கட்டு மாத்த ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டோ, லேப், சுகர் பாக்குத ஸ்ட்ரிப், காயத்துக்கான மருந்து, அம்மா வேலைக்குப் போகாத நாள். பால் கணக்கு எழுதுத டைரியில எல்லாத்தையும் கூட்டிப் பாத்தேன். 31,460 ரூவா. அதுல சுகர் மாத்திரைக்குன்னு போனது 2,000 கூட வரல.

குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் காப்பீடு. அது ஆஸ்பத்திரியில படுத்தவனுக்கு. படுக்காம இருக்கணும்னு ஒருத்தன் செலவழிச்சா அஞ்சு பைசா கிடையாது. இது என்ன கணக்கு?

அம்பை16 (இரவு 10.15)

தம்பி, அப்பாவுக்கு ஆனதை நெனைச்சா வருத்தமாத்தான் இருக்கு. ஆனா கேள்வியே தப்பு. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாவ. வீட்டு வாசல்ல வந்து சுகரும் பிரஷரும் பாத்து மாத்திரையும் குடுத்துட்டுப் போறாவ. உலகத்துல எத்தனை ஊர்ல இது உண்டு? எனக்கு சுகர் வந்து 22 வருஷம். ராத்திரி ரெண்டு சப்பாத்தி, காலையில ஆத்துப்பாலம் வரைக்கும் போய்ட்டு வர நடை. இன்னைக்கு வரைக்கும் ஒரு புண் வந்ததில்ல. கல்யாண வீட்டுல சொதியில சோத்தைக் குழப்பி அடிச்சிட்டு, பொறவு அல்வாவையும் முழுங்கிட்டு, எலையை மடக்கும்போது அரசாங்கத்தைத் தேடுனா எப்படிவே? வாயைக் கட்டாதவன் கட்ட வேண்டிய பில்லை மத்தவன் ஏன் கட்டணும்?

உவரி_காத்து (இரவு 10.22)

அண்ணாச்சி, அரிசி ரகத்தையே பேரா வச்சுக்கிட்டு சோறு திங்காதேன்னு சொல்லுதீங்களே.

அம்பை16 (இரவு 10.24)

பேருதான்வே அம்பை16. திங்கது கோதுமை.

முக்கூடல்_மகள் (இரவு 11.05)

அண்ணாச்சிக்கு ஒரு விஷயம் சொல்லுதேன். எங்க அம்மா 42 கிலோ. அல்வாவைக் கண்ணால பாக்கதே தீவாளிக்குத்தான். 44 வயசுல சுகர். காலையில சோறாக்கிட்டு மடியில முறத்தை வச்சு உக்காந்தா, பீடி எலை வெட்டி, தூள் வச்சு, சுத்தி, நூல் கட்டி, ஆயிரம் முடியுத வரைக்கும் எந்திரிக்க முடியாது. ஒல்லியா இருக்கவனுக்கு வராதுன்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு. நம்ம நாட்டு ஒடம்புக்கு இடுப்பு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 தாண்டுனாலே எச்சரிக்கைன்னு டாக்டர்மாரு சொல்லுதாவ. ஆளு ஒல்லியா இருந்தாலும் வயித்துல போட்டுருக்கும்.

வாயைக் கட்டச் சொல்லுதீக. ரேஷன்ல அரிசி சும்மா கிடைக்கு. வெண்டைக்காயும் முட்டையும் சும்மாவா கிடைக்கு? எங்க வீட்டுல சோத்தைக் குறைச்சா அந்த எடத்துல வைக்க வேற ஒண்ணும் இல்ல.

மாத்திரை கொண்டு வர அக்கா நல்லாத்தான் வராவ. அதைக் குறை சொன்னா எனக்கு நாக்கு அழுகிரும். ஆனா மூணு மாச சராசரி பாக்க எச்பிஏ1சி, கண்ணு, கிட்னி எல்லாத்துக்கும் பஸ் ஏறி டவுனுக்குத்தான் போணும். ஒருநாள் போனா ஒருநாள் கூலி போச்சு. அம்மா போன வருஷம் போகவே இல்ல. "மாத்திரை திங்கேன்ல, பொறவு என்ன"ன்னு கேக்காவ.

மருந்துக்கடை (திங்கள், காலை 6.50)

கடை தொறக்க முன்னாடி எழுதுதேன். முப்பது வருஷமா கல்லால உக்காந்து பாக்கேன். நீங்க ரெண்டு பேரும் விட்டது ஒண்ணு இருக்கு, பிராண்டு. மெட்ஃபார்மின்னு சுகர் மாத்திரை, ஒண்ணு ஒண்ணரை, ரெண்டு ரூவா. அதைத் தனியா எழுதுதவர் கொறைவு. மூணு மருந்தை ஒண்ணாக் கலந்து ஒரு பேர் வச்சு எழுதுனா மாச பில்லு எங்கேயோ போயிரும். 2019 கடைசியில வில்டாகிளிப்டின்ங்குத இன்னொரு சுகர் மாத்திரைக்குப் பேட்டன்ட், அதாவது ஒரே கம்பெனி வச்சிருந்த உரிமை, முடிஞ்சது. இருபது ரூவாய்க்கு மேல வித்த மாத்திரை ஏழெட்டு ரூவாய்க்கு வந்துச்சு. எம்பாகிளிஃப்ளோசினும் சுகர் மாத்திரைதான், அதுக்கு 2025 மார்ச்ல முடிஞ்சது. 60 ரூவா கிட்ட இருந்தது இப்ப பத்து ரூவாய்க்குக் கீழயும் கிடைக்கு. ஆனா பழைய சீட்டையே நீட்டி "அதே பேர்ல குடுங்க"ன்னு கேக்கவாளுக்கு இந்த விலைக் கதை எட்டவே இல்ல. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் ரெண்டும் எனக்குப் போட்டிதான், ஆனா மாசம் ஆயிரத்துக்கு மேல மாத்திரைக்குக் குடுக்கவாள் ஒருதரம் அங்க போய் விலை கேட்டுப் பாருங்க. தப்பில்ல.

சம்பந்தமில்லாம ஒண்ணு. இன்சுலின் போடுதவாள் பாட்டில் மேல 40-ன்னு இருக்கா 100-ன்னு இருக்கான்னு பாருங்க. 40-க்கு செவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 பாட்டில் மருந்தை 40 ஊசியில ஏத்துனா ரெண்டரை மடங்கு உள்ள போயிரும். போன மாசம் ஒரு ஆச்சி கையில ரெண்டையும் மாத்தி வச்சிட்டு நின்னாவ. கவுண்டரை விட்டு வெளிய வந்து சொல்லிக் குடுத்தேன்.

கல்லிடை_ஆய்வுக்காரி (காலை 11.30)

பொது சுகாதாரத்தில் ஆய்வு செய்கிறேன். ஊர் கல்லிடைக்குறிச்சி, இருப்பு சென்னை. கொஞ்சம் எண்கள் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு (ICMR-INDIAB) 2023-ல் வந்தது. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். 2020-ல் தமிழக அரசு எடுத்த கணக்கில், நோய் உள்ளவர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம்தான். வீடு தேடி மாத்திரை போன பிறகு எடுத்த சுற்றில் அது 16.7 ஆனது. அண்ணாச்சி சொல்வது போல இது சாதனைதான். ஆனால் ஆறில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை. மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. அது வேலை செய்கிறதா, டோஸ் மாற்ற வேண்டுமா என்று பார்க்கும் ஆள் வாசலுக்கு வரவில்லை. முக்கூடல் அக்காவின் அம்மா அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உணவு, நடை பற்றி அண்ணாச்சி சொன்னதற்கும் ஆதாரம் உண்டு, மறைக்க மாட்டேன். 2006-ல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 531 பேர். எல்லாரும் நோயின் விளிம்பில் இருந்தவர்கள். மூன்று வருடத்தில், சும்மா விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் கொடுத்தும் ஏறத்தாழ அதே பலன்தான். ஆனால் அவர்களை "வாயைக் கட்டு" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. உட்கார வைத்துப் பேசினார்கள், மாதாமாதம் போன் செய்தார்கள். அந்தப் போனுக்கும் ஒரு சம்பளம் உண்டு.

அம்பை16 (மதியம் 1.10)

தங்கச்சி, எண்ணு நல்லா இருக்கு. நான் வேறொண்ணு கேக்கேன். இந்தத் தம்பி சொல்லுத மாதிரி வெளி நோயாளிக்கும் காப்பீடு குடுத்தா என்ன நடக்கும்? சளின்னு போனவனுக்கும் இருபது டெஸ்ட் எழுதுவான். அட்டையைத் தேய்ச்சு வருஷத்துக்குள்ள காசைக் காலி பண்ணிருவான். அரசாங்கப் பணம் லேப் வழியா வெளிய போகும், கால் அப்படியேதான் கிடக்கும். அந்தக் காசுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு ஆளைப் போடு. வாரத்துல ஒருநாள் வரவன் காலையெல்லாம் தூக்கிப் பாக்கட்டும். நான் அரசாங்கம் ஒண்ணும் செய்ய வேண்டாம்னா சொன்னேன்?

பேட்டைக்காரன் (மதியம் 1.25)

நேத்து "மத்தவன் ஏன் கட்டணும்"னு கேட்டது யாரு அண்ணாச்சி?

அம்பை16 (மதியம் 1.31)

அது அல்வாவுக்குக் கேட்டது. நீரு காப்பீடு கேட்டீரு, நான் ஆளு கேக்கேன். ரெண்டும் ஒண்ணில்ல.

கல்லிடை_ஆய்வுக்காரி (மாலை 4.05)

இந்த இடத்தில் அண்ணாச்சி பக்கம்தான் நான். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனித்தனியாகக் காசு கொடுத்தால் டெஸ்ட்தான் பெருகும். ஆனால் "தடுப்பு செய்தால் அரசுக்குப் பணம் மிச்சம்" என்று மேடையில் பேசுகிறார்களே, அதையும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். தடுப்பில் பலதும் பணத்தை மிச்சப்படுத்துவதில்லை. கொடுத்த காசுக்கு நல்ல ஆயுளை வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். கால் பராமரிப்பு அப்படியில்லை. ஆபத்தில் இருக்கும் காலைக் கண்டுபிடித்துப் பார்த்துக்கொண்டால் போட்ட காசு திரும்பி வரக்கூடிய சில இடங்களில் அது ஒன்று. சர்க்கரை நோயாளிக்குக் கால் எடுப்பதில் நூற்றுக்கு 85 வாக்கில் முதலில் ஒரு சின்னப் புண்ணாகத்தான் தொடங்குகிறது. அரசும் 'பாதம் பாதுகாப்போம்' என்று திட்டம் அறிவித்திருக்கிறது.

பேட்டைக்காரன் தம்பியின் டைரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2022-ம் ஆண்டுக்குப் போட்ட கணக்கு 41,290 கோடி டாலர். அதில் 10,630 கோடி மருத்துவச் செலவே இல்லை. வேலைக்குப் போகாத நாள், வேலையை விட்டவர்கள், சீக்கிரம் செத்தவர்கள். நம்மூரில் தேசிய சுகாதாரக் கணக்கு, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போகும் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-ல் 39.4-ஆகக் குறைந்தது என்கிறது. நல்ல செய்திதான். ஆனால் உங்கள் அம்மா வேலைக்குப் போகாத நாளுக்கு அந்தக் கணக்கில் பத்தி கிடையாது.

மருந்துக்கடை (மாலை 4.40)

கால் பாக்கதுன்னா என்ன பண்ணுவாவ? மெஷினா?

கல்லிடை_ஆய்வுக்காரி (மாலை 4.52)

மெஷின் வேண்டாம். ஒரு நைலான் நரம்பு போதும், மோனோஃபிலமென்ட் என்பார்கள். பாதத்தில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல், சுண்டுவிரல் அடி, குதிகால் என்று தொட்டுக்கொண்டே போவார்கள். தெரிந்தால் "ம்" சொல்ல வேண்டும். தெரியாத இடத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை.

உவரி_காத்து (மாலை 5.00)

எங்க வீட்டுல கட்டுக்கட்டா கிடக்கே. தூண்டில் நரம்பு.

கல்லிடை_ஆய்வுக்காரி (மாலை 5.03)

அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கனம் மாறினால் அழுத்தம் மாறும். ஆஸ்பத்திரியில் பாருங்கள்.

முக்கூடல்_மகள் (மாலை 6.20)

எம்சிஆர் செருப்பைப் பத்தி யாருமே பேசலியே. உள்ள கறுப்பு ரப்பர் மெத்து மெத்துனு இருக்கும்ல. முன்னாடி தொழுநோய்க்காரங்களுக்குக் குடுத்தது. அம்மாவுக்கு வாங்கிக் குடுத்தேன். "ஊருக்குள்ள இதைப் போட்டா என்ன நெனைப்பாவ"ன்னு வாசல்லயே கழட்டி வச்சிருக்காவ. காசு குடுத்து வாங்கியும் கால்ல ஏறல. இதுக்கு எந்தக் காப்பீடு?

கருப்பட்டி_காப்பி (மாலை 6.45)

எல்லாரும் சீனியை விட்டுட்டு கருப்பட்டிக்கு மாறுனா இந்தச் செலவே வராது. எங்க தாத்தா 90 வயசு வரைக்கும்...

மருந்துக்கடை (மாலை 6.48)

தாத்தா பனை ஏறுனாரு தம்பி, நீரு பைக்குல போறீரு. கருப்பட்டியும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தான். சுகர் இருக்கவன் அதையும் குறைக்கத்தான் செய்யணும்.

பேட்டைக்காரன் (இரவு 8.30)

அப்பாவை வியாழக்கிழமை பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். இடது காலைப் பாக்கச் சொல்லணும். இத்தனை வருஷத்துல அப்பா ரத்தம் குடுத்திருக்காவ, சிறுநீர் குடுத்திருக்காவ. செருப்பைக் கழட்டுங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நாங்களும் கேட்டதில்ல, கேக்கணும்னு தெரியாது. அடுத்த ஆனிக்கு என்ன செய்யன்னு இப்பவே வீட்டுல பேச்சு ஓடுது. சாக்ஸ் போட்டா சாமி கோவிக்குமான்னு அம்மா கேக்காவ. அப்பா பதில் சொல்லல.

அம்பை16 (இரவு 10.50)

தங்கச்சி வேண்டாம்னு சொன்னாலும் கேக்கல. பேரன் தூண்டில் நரம்பை எடுத்து வீட்டுக்காரி கையில குடுத்தேன். கண்ணை மூடிக்கிட்டேன். பத்து எடம் தொட்டாளாம். நான் ஏழு தரம்தான் "ம்" சொன்னேனாம். அவ தொடாமலே ஏமாத்துதான்னு சண்டை போட்டேன். மறுபடியும் தொட்டா. பேரன் எண்ணுனான். ஏழுதான். நரம்பு கனம் சரியில்லன்னு நெனைக்கேன்.

பேட்டைக்காரன் (இரவு 10.53)

எந்த மூணு எடம் அண்ணாச்சி?

அம்பை16 (இரவு 11.20)

இடது பெருவிரல். அதுக்குக் கீழ மேடு. வலது குதிகால். வியாழக்கிழமை எத்தனை மணிக்குப் போறீரு?