மறுமொழி: 'டேக்டவுன் நோட்டீஸ்' – தமிழில் என்ன போடலாம்?

அழகாபுரத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சேலம் வட்டாரப் படங்களையும் கடைப் பட்டியல்களையும் பயனர்களே ஏற்றும் தளத்துக்கு விதிப்பக்கம் தயாராகிறது. 'என் படைப்பை அனுமதியில்லாமல் போட்டிருக்கிறார்கள், எடுங்கள்' என்று உரிமையாளர் தளத்துக்கு அனுப்பும் டேக்டவுன் நோட்டீஸுக்கு வரைவில் 'நீக்கல் அறிவிப்பு' என்று இருக்கிறது. இந்த 'நீக்கல்' உறுத்துகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 2012இல் சேர்த்த பகுதி சொல்வது இதுதான்: உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால் 21 நாள் அணுகலை நிறுத்தி வை, அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மறுபடி திறக்கலாம். 'நீக்கல்' என்று படிக்கிற நிர்வாகி கோப்பையே அழித்துவிடுவார். 22ஆம் நாள் திறக்க எதுவும் மிஞ்சாது, வழக்கென்று வந்தால் காட்டவும் எதுவும் இருக்காது.

'நிறுத்திவைப்பு' என்று போடலாமா? 'நிறுத்தம்' என்றால் பஸ் ஸ்டாப் நினைவுதான் வரும். 'முடக்கம்' என்பதைப் பத்திரிகைகள் வங்கிக் கணக்குக்கும் அரசு தடுக்கும் தளங்களுக்கும் எடுத்துக்கொண்டுவிட்டன.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

> 'நிறுத்திவைப்பு' என்று போடலாமா?

தாராளமாகப் போடலாம் ஐயா. ஆனால் பின்னால் 'அறிவிப்பு' வேண்டாம். பார்க்க வருகிறவர்களுக்கு ஏன் தரவில்லை என்று காரணம் சொல்லி நாம் ஒரு அறிவிப்பு வைக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதி சொல்கிறது. நமக்கு வந்ததும் அறிவிப்பு, நாம் வைத்ததும் அறிவிப்பு என்றால் குழப்பம். அந்த விதி பேசுவதே புகாரைப் பற்றித்தான். ஆகவே 'நிறுத்திவைப்புப் புகார்'.

எதையெல்லாம் அப்படி அழைக்கலாம் என்பதையும் வரையறுத்துவிடுவோம். படைப்பு எது, உரிமை தன்னுடையது என்பதற்கு ஆதாரம், நகல் எந்த முகவரியில் இருக்கிறது, அது 52ஆம் பிரிவின் விலக்குகளில் ஏன் அடங்காது, ஏற்றியவர் தெரிந்தால் அவர் விவரம் – இவ்வளவும் புகாரில் இருக்க வேண்டும். கூடவே, தகுதியுள்ள நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து 21 நாளுக்குள் ஆணை கொண்டுவருவேன் என்ற உறுதிமொழி. இந்தக் கடைசி வரிதான் பெரும்பாலும் விட்டுப்போகும். அது இல்லாமல் 'உடனே எடுக்காவிட்டால் கேஸ் போடுவேன்' என்று மட்டும் வந்தால் அது வெறும் மடல். ஆதாரமில்லாத வழக்கு மிரட்டலுக்கு எதிராக 60ஆம் பிரிவு இருக்கிறது என்பதையும் பக்கத்தின் ஓரத்தில் போட்டு வைக்கலாம்.

நம்ம ஊரில் அதிகம் சிக்கலாகப் போவது கொலுசுதான். 'என் டிசைனைக் காப்பியடித்துவிட்டார்கள்' என்ற புகாரில் இரண்டு விஷயம் கலந்திருக்கும். பட்டியலில் உள்ள போட்டோ எடுத்தவருடையது அல்லது எடுக்கச் சொல்லிக் காசு கொடுத்தவருடையது. அந்தப் போட்டோவை வேறொருவர் எடுத்துத் தன் பட்டியலில் போட்டால் பதிப்புரிமைப் புகார் செல்லும். கொலுசின் வடிவம் வேறு கதை. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிந்திருந்தால் அந்தச் சட்டம்தான் பேசும். பதியாமல் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் வார்த்து விற்றாகிவிட்டது என்றால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி அதில் பதிப்புரிமையே இல்லை. போட்டிக் கடைக்காரர் அதே வடிவத்தைச் செய்து தானே படம் எடுத்துப் போட்டால், பதிப்புரிமையின் பேரில் அதை நிறுத்திவைக்க வழியில்லை.

ஏற்காட்டிலிருந்து:

சொல் சரிங்க. எதை நிறுத்திவைப்பது என்பதும் தெளிவாகணும். யாரோ எடுத்த ஏற்காடு ஏரிப் படத்தை ஒரு பயனர் ஏற்றிவிட்டார், புகார் வந்துவிட்டது என்று வையுங்கள். தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இடுகையை வரைவுக்கு மாற்றினால் பக்கம்தான் மறையும். படக் கோப்பு அப்லோட்ஸ் அடைவில் திறந்தே கிடக்கும். அதுவாக வெட்டி வைத்த 150, 300, 768, 1024 பிக்சல் அளவு நகல்களும் கிடக்கும். நேரடி முகவரியைத் தட்டினால் யாருக்கும் படம் வரும். அப்புறம் நிறுத்திவைத்தோம் என்று எப்படிச் சொல்வது?

முதலில், படத்தை ஏற்றிய நேரம், ஏற்றியவரின் ஐபி முகவரி, கோப்பின் ஷா-256 மதிப்பு (கோப்புக்குக் கைரேகை மாதிரி) ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எல்லா அளவுகளையும் வலைவழி எட்டாத அடைவுக்கு நகர்த்தி, சிடிஎன் (படங்களை வேகமாகத் தர நகல் வைத்திருக்கும் இடைச் சர்வர்கள்) தேக்கத்தையும் துடைக்க வேண்டும். அந்த முகவரிக்குச் சர்வர் தரும் பதில் எண்ணாக 404 வேண்டாம், அது 'கிடைக்கவில்லை' என்று மட்டும் சொல்லும். 410 என்றால் ஒரேயடியாகப் போய்விட்டது என்று பொருள். 2016இல் வந்த 451தான் 'சட்டக் காரணத்தால் தரவில்லை' என்பது. விதி கேட்கும் காரண அறிவிப்பையும் அதே பக்கத்தில் எழுதிவிடலாம். புகாரிலுள்ள விவரங்களில் நமக்குத் திருப்தி ஏற்பட்டால் இவ்வளவையும் 36 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஞாயிறுக்கு விதியில் விலக்கு இல்லை!

இன்னொன்று: நிறுத்திவைத்தால் போதும் என்ற இந்தப் பாதுகாப்பு பயனர் ஏற்றியதற்குத்தான். பிறர் படத்தைத் தள நடத்துநரே போட்டிருந்தால் 21 நாள் கணக்குப் பேச முடியாது, எடுத்துவிட வேண்டியதுதான்.

அழகாபுரத்திலிருந்து:

நன்றி. 'புகார் தவறு' என்று ஏற்றியவர் திருப்பி அனுப்பும் 'கவுன்டர் நோட்டீஸ்' பாக்கி. 75ஆவது விதியில் ஏற்றியவருக்கென்று அப்படி ஒரு வழி இல்லை. ஆனால் சர்வர் அமெரிக்காவில் இருந்தால் வாடகைக்கு விடுகிற நிறுவனம் அவர்களின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி (டிஎம்சிஏ) நடக்கும். மறுப்பு போய்ச் சேர்ந்த 10 முதல் 14 வேலைநாளுக்குள், புகார் கொடுத்தவர் அங்கே வழக்குப் போடவில்லை என்றால் திரும்பத் திறப்பார்கள். அதனால் சொல் தேவைப்படுகிறது. 'எதிருரை' நம் கோர்ட்டுகளில் ஏற்கெனவே புழங்குவதால் 'மறுப்பு மடல்' என்று வைக்கிறேன்.

வரைவில் இரண்டு இடத்தில் 'காப்புரிமை' என்று இருந்தது, பேட்டன்ட்டோடு குழம்பும் என்பதால் 'பதிப்புரிமை' ஆக்கிவிட்டேன். படிவத்தில் உறுதிமொழிக் கட்டத்தைக் கட்டாயமாக்கியாயிற்று, டிக் போடாமல் அனுப்ப முடியாது. கொலுசு விஷயத்துக்குப் படிவத்தின் தொடக்கத்திலேயே 'உங்கள் புகார் படத்தைப் பற்றியதா, பொருளின் வடிவத்தைப் பற்றியதா?' என்ற கேள்வி வருகிறது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் 15ஆம் பிரிவு விளக்கப் பக்கம் திறக்கும். அந்த விளக்கத்தைச் செவ்வாய்ப்பேட்டை நண்பர் எழுதித் தரணும்.