ஹாமில்டன் பேலஸ் நின்ன இடத்துல இப்ப என்ன இருக்கு?

தாம்வே_தம்பி: யாங்கோன்ல இருந்து எழுதுறேன். தங்கச்சி கிளாஸ்கோல படிக்கிறா, பக்கத்து ஹாமில்டன் ஊர்ல பெரிய பிரபு மாளிகைய இடிச்சிட்டாங்கன்னு சொல்றா. அவ்ளோ பெரிய கட்டடத்த ஏன் இடிச்சாங்க? போய் பாக்க ஏதாச்சும் மிச்சம் இருக்கா?

பான்சோடான்_அண்ணன்: நிலக்கரிதான் தம்பி முக்கிய காரணம். ஹாமில்டன் டியூக் குடும்பத்துக்கு சுரங்கத்துல நல்ல வருமானம், கடைசியில அதே சுரங்கம் வீட்டுக்கு அடியிலயும் போயி தரை இறங்க ஆரம்பிச்சிருச்சு, கடன் வேற, 1882லயே ஓவியம் மேஜை நாற்காலின்னு ஏலம் விட்டாங்க, 1920கள்ல மாளிகையவே இடிச்சிட்டாங்க. முதல் உலகப் போர்ல கடற்படை ஆஸ்பத்திரியா இருந்த கட்டடம் அது. நம்ம ஊர்ல பழைய கட்டடம் இடியுறப்பவும் எனக்கு இப்படித்தான் வயிறு எரியும். இப்ப அங்க விளையாட்டு மைதானம்.

மோல்மேன்_அக்கா: கல்லறை மண்டபம் அப்படியே நிக்குதுப்பா, தங்கச்சிய கண்டிப்பா போகச் சொல்லு. 10வது டியூக் தனக்காக கட்டினது, அவர எகிப்துல இருந்து வாங்கின கல் பெட்டியில வெச்சாங்க. உள்ள கதவ அறைஞ்சு சாத்தினா எதிரொலி அடங்க 15 செகண்ட் ஆகுமாம்! 1921ல சவங்கள வேற இடுகாட்டுக்கு மாத்திட்டாங்க.

தாம்வே_தம்பி: ரொம்ப நன்றி அக்கா. வேற ஏதும்?

பான்சோடான்_அண்ணன்: ஷாட்டல்ஹெரோ. 1730கள்ல வில்லியம் ஆடம் கட்டின வேட்டை மாளிகை, அதுவும் சுரங்கத்தால சாஞ்சதுதான், ஆனா பழுது பாத்துட்டாங்க. உள்ள நடந்தா தரை சரிவு காலுக்கே தெரியும். சுத்தி பழங்காலத்து ஓக் மரங்க, நல்ல ஷூ போட்டுட்டு போகச் சொல்லு.